பட்டாணிப் பைக்குப் பின்னால்

"செய்யட்டும். பாட்டில் நானே வாங்கிட்டு வரேன்" என்று டிரைவர் சொன்னதும் வீட்டிலிருந்த இரண்டு பெண்களும் வாயடைத்து நின்றார்களே, போன வாரம் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். இன்னும் அப்படியே நிற்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் ஓடிவிட்டது.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அது ஒரு சாதாரணப் பேச்சு. சொன்னவர் யார்? இரண்டு வருஷத்துக்கு முன்புவரை சாயங்காலமானால் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிய மனிதர். இப்போது டிப்போவில் தினமும் காலையில் ஒரு மெஷினில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் பஸ்ஸின் ஸ்டியரிங்கைத் தொடுகிறார். இதுவரை அந்த மெஷின் அவரைக் காட்டிக்கொடுத்ததில்லை.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தெருவில் எல்லாருக்குமே அவள் 'அண்ணி'யாகிவிட்டாள். அவர் குடியை விட்ட அன்று அண்ணி ஒன்று சொல்லியிருந்தாள். "இன்னொரு தடவை ஒரு சொட்டு உள்ள போச்சுன்னாலும் நான் இங்க இருக்க மாட்டேன். சண்டை போட மாட்டேன், அழ மாட்டேன். கிளம்பிடுவேன்."

சொன்னதைச் செய்கிறவள் என்பது அவருக்கும் தெரியும்.

இந்தக் கலவரத்துக்கெல்லாம் காரணம் டிரைவரின் தங்கை குட்டி. கேக் கடையில் க்ரீமால் பூப் போடுகிற வேலை. அம்மா அப்பா போன பிறகு அண்ணனும் அண்ணியும்தான் அவளை ஆளாக்கினார்கள். ஆளானவள் பெயின்ட் கம்பெனி விற்பனையாளர் ஒருவரைக் காட்டி, இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். இன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். இன்றே தேதி குறித்துவிடுவதாகப் பேச்சு.

"எங்க வீட்ல நல்ல காரியம்னா பஞ்ச் இல்லாம இருக்காது. நீங்க வீட்லயே செஞ்சா எங்க பெரியப்பா சொக்கிப் போயிடுவார்" என்று மாப்பிள்ளை குட்டியிடம் சொல்லி, அந்த ரம் பானத்தின் செய்முறையையும் போனில் அனுப்பியிருந்தார். ஒரு பங்கு புளிப்பு, இரண்டு பங்கு இனிப்பு, மூன்று பங்கு ரம், நாலு பங்கு டீயும் தண்ணீரும்.

"மாப்பிள்ளையைப் பத்தி இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாமே" என்று டிரைவர் முதலில் இழுத்தார். "நீ இருந்த இருப்புக்கு, நீ அவரை விசாரிக்கப் போறியா?" என்று குட்டி ஒரே போடாகப் போட்டாள். மனிதர் முகம் செத்துப் போயிற்று. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. மறுநாள் பார்த்தால், பாட்டில் நானே வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கியும் வந்தார், இரண்டு ரம். கையோடு இரண்டு நாள் லீவும் போட்டார்.

ஊத வேண்டாத இரண்டு நாள். அண்ணியின் மனதில் முதல் முள் குத்தியது அங்கேதான்.

●

"வெள்ளை வரக் கூடாது அண்ணி. வெள்ளை வந்தா கசக்கும்."

குட்டி எலுமிச்சையைச் சுற்றிச் சுற்றி, மஞ்சள் தோலை மட்டும் ரிப்பன் மாதிரி உரித்துக்கொண்டிருந்தாள். க்ரீம் பூப் போடுகிற கை, தோல் எங்கேயும் அறுபடவில்லை. உரித்ததைச் சர்க்கரையில் போட்டு மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். சமையலறை முழுக்க வாசனை தூக்கியது.

"இதை மூடி வச்சிடணும். தோல்ல இருக்கற எண்ணெயெல்லாம் சர்க்கரைல இறங்கிடும். மத்தியானம் பாத்தீங்கன்னா பாகு மாதிரி இருக்கும். அதுமேல சூடா டீ, அப்புறம் எலுமிச்சைச் சாறு, அப்புறம் ரம். ஐஸ் மட்டும் பெரிய கட்டியா இருக்கணும். சின்னதா போட்டா உடனே கரைஞ்சு எல்லாம் சப்புன்னு போயிடும்."

"கலக்கறதுக்குப் பாத்திரம்?"

குட்டி கண்ணால் காட்டினாள். உருண்டையான கண்ணாடி மீன் தொட்டி. எந்த மீனும் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்காததால் பரணில் கிடந்தது.

"அதுலயா! வர்றவங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போவாங்க."

"உப்பு போட்டு ரெண்டு தடவை தேச்சுட்டேன் அண்ணி."

அண்ணி நம்பவில்லை. வெந்நீரில் மூன்றாவது தடவை கழுவினாள். எதையும் பார்த்த மாத்திரத்தில் நம்பாத கை அது. மிளகாய்த்தூள் டப்பாவில்கூடத் திறந்த தேதியை எழுதி ஒட்டுகிறவள். ஒரு சிவப்புத் துளியைப் பார்த்து ஒருவர் நல்லாயிருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்பது பிழைப்பு அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். பாவம், அந்தப் பாடத்தை வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றி மாட்டிவிட்டு வர அவளுக்குத் தெரியவில்லை.

"பாட்டிலை எடுத்துக் குடுங்க அண்ணி. எத்தனை கப் வருதுன்னு அளந்து வச்சுக்கலாம்."

மேல் அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இரண்டு பாட்டிலும் நின்றன. அண்ணி ஒன்றை எடுத்தாள். நிறைந்திருந்தது. மூடியைப் பிடித்துத் திருகினாள்.

புது பாட்டில் மூடி திருகும்போது 'கிர்' என்று உடைய வேண்டும். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் பக்கத்து அறையில் அந்தச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடும். இந்த மூடி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. இரண்டாவதையும் திருகிப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. அளக்கறதெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம். நீ போய்க் குளி."

குட்டி போனதும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நிறம் சரி. மோந்து பார்த்தாள். ரம் வாசனைதான். ஆனால் வாசனையை நம்ப முடியுமா? காலி பாட்டிலும் மணக்கும். வாயில் விட்டுப் பார்க்கலாமென்றால், பிறந்ததிலிருந்து அவள் அதை நாக்கில் வைத்ததில்லை. எது ரம், எது இல்லை என்று நாக்குக்கு எப்படித் தெரியும்?

திறந்த பாட்டில் எப்படி நிறைந்திருக்கும்? குடித்துவிட்டு வேறு எதையோ ஊற்றி நிரப்பினால் நிறைந்திருக்கும். அந்த எண்ணம் வந்ததும் அண்ணி பாட்டிலைக் கீழே வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது.

அந்த நாட்களில் டிரைவர் பாட்டிலை ஒளித்து வைக்கிற இடம் ஃப்ரீசர்தான். பட்டாணிப் பைக்குப் பின்னால். அங்கே வைக்கிற தண்ணீர் பாட்டில் மறுநாள் கல்லாகிவிடும். அவர் பாட்டில் மட்டும் எத்தனை நாளானாலும் உறையாது, எடுத்தால் உள்ளே குலுங்கும். அந்தக் குலுங்கலைக் கேட்டுத்தான் அவள் முதன்முதலில் கண்டுபிடித்தாள். எந்தப் படிப்பும் சொல்லித் தராத பரிசோதனை அது. அவள் அழுது கற்றது.

கைப்பையில் எப்போதும் கிடக்கிற சாம்பிள் டப்பா ஒன்றை எடுத்தாள். பாட்டிலிலிருந்து இரண்டு ஸ்பூன் ஊற்றி மூடினாள். பழக்க தோஷம், ஒரு துண்டு காகிதமும் ஒட்டினாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டுவிட்டாள். குட்டி உறைய வைத்திருந்த பெரிய ஐஸ் கட்டியின் பக்கத்தில் அதை நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

இனி அது உறையாமல் இருக்க வேண்டுமே என்று ஒரு பெண்ணாகப்பட்டவள் ரம்முக்காகப் பிரார்த்தனை செய்த அதிசயம் அந்தச் சமையலறையில் நடந்தது.

●

டிரைவர் கீழ்வீட்டிலிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வியர்த்து வழிந்தது. கன்னம் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது.

"வாயில என்ன?"

"கிராம்பு."

"எதுக்கு?"

"பல்லு வலி."

அந்தக் காலத்திலும் பல் வலிதான். முப்பத்திரண்டும் வலித்தது போல ஆளே கிராம்பாக மணப்பார். அண்ணி தண்ணீர் கொடுக்கிற சாக்கில் நெருங்கி நின்று மூச்சை இழுத்தாள். கிராம்பைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாமல் இருப்பதற்குத்தானே கிராம்பு!

"அந்தப் பஞ்ச்சை நானே கலக்கிடறேன்" என்றார் அவர், தண்ணீரைக் குடித்துவிட்டு. "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் வராதீங்க."

"ஏன்? குட்டிக்குத்தானே செய்முறை தெரியும்."

"அவ கல்யாணப் பொண்ணு. நீ சமையலைப் பாரு."

"பாட்டிலை ஏற்கெனவே திறந்தாச்சு போலிருக்கே?"

அண்ணி அவர் முகத்தையே பார்த்தாள். அது ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு செருப்பைப் பார்த்துக் குனிந்தது.

"சாயங்காலம் வரைக்கும் என்னை ஒண்ணும் கேக்காத. சாயங்காலம் நானே சொல்றேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "என் மேல நம்பிக்கை இருக்கா உனக்கு?"

இருக்கிறது என்று சொல்ல ஒரே வார்த்தை போதும். அண்ணியோ அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை என்பதை அவரும் பார்த்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சமையலறையை ஒட்டிய பால்கனியில் நின்று தணிந்த குரலில் போன் பேசினார். துணி எடுக்கிற மாதிரி அண்ணி ஜன்னலோரம் போனாள்.

"…ரெண்டாவது கிளாஸ்லயே தெரிஞ்சிடும்… இல்லப்பா, அவளுக்குத் தெரியாது. சொன்னா தாங்க மாட்டா… எனக்கும் கை நடுங்குது, என்ன பண்ண…"

அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. நேரே ஃப்ரீசரைத் திறந்தாள். சாம்பிள் டப்பாவை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள்.

சத்தமில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாள். நகரவில்லை. கல்லாக உறைந்திருந்தது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய கெட்ட செய்தியைக் கண்ணாடிக் குழாயில் முதலில் பார்த்தவள் அவள். கை நடுங்காமல் எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். இன்று அந்தச் சின்ன டப்பாவைக் கீழே வைக்க முடியவில்லை. விரல் மரத்துப் போகிறவரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு பாட்டில் ரம்மும் போய்விட்டது. இரண்டும் டீத்தண்ணீர். லீவு போட்டு, கிராம்பு போட்டு, அவள் கண்ணெதிரிலேயே.

அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் தன் துணிகளை மடித்து வைத்தாள். லேப் கோட்டையும் வைத்தாள். குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டரை எடுத்து, கொஞ்சம் யோசித்து, அதையும் வைத்தாள். குட்டியின் தேதி குறிக்கிறவரை வாய் திறப்பதில்லை. அவர்கள் படியிறங்கியதும் இவளும் இறங்குவாள். ஜிப்பை மூடிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து சம்பந்திக்குச் சமைக்க உட்கார்ந்தாள்.

●

சம்பந்தி வீட்டார் இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா. பெரியப்பா உள்ளே வரும்போதே மீன் தொட்டியைத்தான் பார்த்தார்.

கூடத்து மேஜை நடுவில் அது பொன்னிறமாக நிறைந்திருந்தது. நடுவே அந்தப் பெரிய ஐஸ் கட்டி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மேலே எலுமிச்சை வட்டங்கள், துருவிய ஜாதிக்காய். அழகென்றால் அழகு. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அண்ணிக்கும் டிரைவருக்கும் மட்டும் தெரியும். டிரைவருக்கு மட்டும்தான் தெரியும் என்று டிரைவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எடுத்துக்கலையா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நான் காலைல வண்டி எடுக்கணும் மாப்பிள்ளை."

பெரியப்பா முதல் கிளாஸை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். "ஆகா! இறங்கறதே தெரியல. இந்த மாதிரிதான் ஆளைக் கவுத்துடும்!" இரண்டாவது கிளாஸில் மேல் பொத்தானைக் கழற்றினார். மூன்றாவதில் நாக்கு குழறியது. நாலாவது கையில் வந்தபோது எழுந்து நின்று பாடப் போவதாக அறிவித்தார். டீயும் எலுமிச்சையும் குடித்து ஒரு மனிதர் தள்ளாடுவதை அண்ணி கண்ணால் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கும்.

மாப்பிள்ளை வேறு மாதிரி. முதல் கிளாஸை ஒரே மடக்கில் முடித்தார். இரண்டாவதையும். அதன் பிறகு கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பேச்சு குறைந்தது. குட்டி ஏதோ சொல்ல, அவர் வேறெங்கோ பார்த்துத் தலையாட்டினார். நெற்றியைத் துடைத்தார். மூன்றாவது கிளாஸைத் தானே தொட்டியின் அடியிலிருந்து மொண்டு எடுத்தார். அவருடைய அம்மா பஞ்ச்சைத் தொடவே இல்லை. மகனுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை கழுவணும்" என்று எழுந்தார் மாப்பிள்ளை.

கை கழுவுகிற இடம் கூடத்து மூலையிலேயே இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார்.

டிரைவரையும் கூடத்தில் காணோம் என்பதை அண்ணி அப்போதுதான் கவனித்தாள். பாட்டிலில் மிச்சம் மீதி இருக்குமோ என்று மனிதர் போய்விட்டாரோ? தட்டை எடுக்கிற சாக்கில் எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள். நடைவழியில் அப்படியே நின்றாள்.

உள்ளே மாப்பிள்ளை. மேல் அலமாரியில் இருந்த இரண்டு காலி பாட்டில்களையும் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சினார். பிறகு கீழ் அலமாரியைத் திறந்தார், மூடினார். அரிசி டப்பாவை நகர்த்தினார். சட்டென்று ஏதோ தோன்றியது போல நிமிர்ந்து ஃப்ரீசரைத் திறந்தார்.

கையை நேரே பட்டாணிப் பைக்குப் பின்னால் விட்டார்.

யாரும் சொல்லிக் கொடுத்து அந்தக் கை அங்கே போகவில்லை. தன் வீட்டிலும் அங்கே கையை விட்டுப் பழகியவனுக்குத்தான் அந்த இடம் தெரியும்.

"பட்டாணிக்குப் பின்னாடி இல்ல தம்பி" என்றது ஒரு குரல். பால்கனிக் கதவில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். "அது என்னோட பழைய இடம்."

மாப்பிள்ளை கையை உதறிக்கொண்டு திரும்பினார். "ஐஸ்… ஐஸ் தேடினேன் மச்சான்."

"நானும் ஐஸ்தான் தேடுவேன்." டிரைவர் குரலில் கோபமே இல்லை. "முதல் நாள் நீ எங்க வீட்டுக்கு வந்தப்ப வாயில கிராம்பு. காபி டம்ளரை ரெண்டு கையால பிடிச்சே. அப்பவே எனக்கு உறுத்துச்சு. ஆனா நான் சொன்னா என் தங்கச்சி நம்புவாளா? அதான் ரெண்டு பாட்டிலையும் கொட்டிட்டு, வாசனைக்கு மட்டும் கொஞ்சம் விட்டு, டீயை ஊத்தி வச்சேன். உங்க பெரியப்பாவுக்கு அதுவே ஏறிடுச்சு. தேவைப்படறவனுக்குத்தான் இல்லைன்னு தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கல்யாணம் ஆனதும் விட்டுடறேன். சத்தியமா."

"அந்தச் சத்தியத்தை நானும் பண்ணினேன் தம்பி. இதே சமையலறைலதான்."

அண்ணி நடைவழியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்படியானால் அந்த லீவு? போனில் பேசியது? டிரைவர் அவளைப் பார்த்துவிட்டார். "பாட்டிலைக் கைல எடுத்தா எனக்குத் தாங்காதுன்னு பயம். மறுநாள் நடுக்கத்தோட வண்டி எடுக்கக் கூடாதுன்னுதான் லீவு போட்டேன். வாயில கிராம்பு மாதிரி எதையாவது மென்னுக்கிட்டே இருன்னு என்கூட குடியை விட்டவன் டிப்போல இருக்கான், அவன்தான் சொன்னான். மத்தியானம் அவன்கிட்டதான் பேசினேன். குட்டிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாளேன்னு உனக்கும் சொல்லல."

அவளுக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கால் நகரவில்லை. கட்டிலுக்கடியில் இருக்கிற பை கண் முன்னால் வந்து நின்றது.

"எனக்குத் தெரியும்ணா."

அண்ணிக்குப் பின்னால் குட்டி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. முகம் வெளுத்திருந்தாலும் குரல் உடையவில்லை.

"அவர் கொஞ்சம் குடிப்பார்னு தெரியும். இவ்வளவுன்னு தெரியாது. இருக்கட்டும். நீ குடிக்கலையா? நீ விடலையா?" அவள் அண்ணியின் தோளைப் பிடித்தாள். "அண்ணி உன்னை விட்டுட்டா போனாங்க? கூடவே இருந்தாங்கல்ல? நானும் இருப்பேன். சொல்லுங்க அண்ணி. நீங்க போனீங்களா?"

கூடத்திலிருந்து பெரியப்பாவின் பாட்டு கேட்டது. எல்லாரும் அண்ணியையே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் கண்ணில்கூட ஒரு நம்பிக்கை தெரிந்தது. போகவில்லை என்று தலையை ஆட்டினால் போதும். அந்தப் பெண்ணின் தேதி குறித்தாகிவிடும்.

அண்ணி அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பை இருந்தது. அதைச் சமையல் மேடைமேல், பிழிந்து போட்ட எலுமிச்சைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மத்தியானம் கட்டினேன்" என்றாள்.

குட்டிக்குப் புரியவில்லை. "எதுக்கு? அண்ணன்தான் குடிக்கலையே!"

"அது எனக்கு இப்பத்தானே தெரியும்." அண்ணி பையின் மேல் கை வைத்தாள். "ரெண்டு வருஷமா ஒரு சொட்டு தொடல உங்க அண்ணன். தினம் ஊதிக் காட்டறார். ஆனாலும் ஒரு மூடி வழுக்கிக்கிட்டு திரும்பிச்சுன்னு நான் இன்னிக்குப் பையைக் கட்டிட்டேன். நான் போகல, நிஜம்தான். ஆனா ஒரு நாளாவது நிம்மதியா தூங்கினேனான்னு கேளு. கிட்ட வந்தா மோந்து பாப்பேன். சிரிச்சா சந்தேகப்படுவேன். பேசலைன்னாலும் சந்தேகப்படுவேன். அவர் விட்டுட்டார் குட்டி, என்னாலதான் விட முடியல. கூடவே இருக்கேன்னு சொல்றியே, இப்படித்தான் இருக்கணும். இதெல்லாம் தெரிஞ்சு நீ இருப்பேன்னா இரு."

குட்டியின் கை அவள் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

"ஏம்மா, தேதி என்ன ஆச்சு?" என்று பெரியப்பா கூடத்திலிருந்து கத்தினார்.

டிரைவர் பையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனம்" என்றார். "நாலு நாளைக்குன்னு கட்டினது இல்ல."

"என்னங்க…"

"உன்னைத் தப்பு சொல்லல. அந்தச் சந்தேகத்தை உனக்குக் குடுத்ததே நான்தான்." பையை அவர் மறுபடி மேடைமேல் வைத்தார். "காலைல டிப்போவுக்கு நீயும் வா. நான் ஊதறதை நீயே கண்ணால பாரு. அதுக்கப்புறம் பையைப் பிரி. அதுவரைக்கும் அது இங்கேயே இருக்கட்டும்."

வேண்டாம், நான் நம்புகிறேன் என்று அண்ணி சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, அவள் கேட்காமலே அவள் மனது ஒரு கேள்வி கேட்டது. இரண்டு பாட்டில் ரம்மைக் கொட்டினால், கொட்டிய இடத்தில் வாசனை இருக்காதா?

அப்படிக் கேட்டதற்காக அவளுக்கே அவள்மேல் வெறுப்பாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

ஆனாலும் அவள் தலை, அவளையும் மீறி, பாத்திரம் கழுவுகிற தொட்டியின் பக்கம் திரும்பியது. அவள் எதைப் பார்க்கிறாள் என்பதை டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.